பாரத்தில் வாரிசு என்றொரு கட்டம்

பிரிக்பீல்ட்ஸில், இரண்டு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் ஒரு பூக்கடைக்கும் பின்னால், பழைய மாடி வீடு ஒன்றில் எங்கள் மாணவியர் இல்லம் இருக்கிறது. கோலாலம்பூரில் படிக்கும் தமிழ்ப் பெண்கள் பன்னிரண்டு பேர் அங்கே தங்கலாம். படிப்பு முடிந்து கட்டிலைக் காலி செய்து கொடுத்தாலும் உறுப்பினர் என்கிற பட்டம் மட்டும் உயிருள்ளவரை ஒட்டிக்கொண்டு வரும். ஒரு காலத்தில் நானும் அங்கே தங்கியவள். இப்போது அதன் செயலாளர்.

ஆண்டுக்கு நான்கு கட்டில்கள் காலியாகும். முப்பது பேர் விண்ணப்பம் போடுவார்கள். அந்தச் சமயத்தில் வாசலில் 'திறமைக்கே முதலிடம்' என்று ஒரு பேனர் கட்டுவோம். கட்டுவது நான்தான். மழையில் கிழிந்தால் டேப் போட்டு ஒட்டுவதும் நான்தான். செயலாளர் பதவிக்கு எங்கள் இல்லத்தில் அதுதான் பொருள்.

முதலிடம் திறமைக்கு என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு இடம் உண்டு. அது முன்னாள் உறுப்பினர்களின் மகள்களுக்கும் தங்கைகளுக்கும். இதைப் பற்றி எங்களிடம் எழுதப்படாத சட்டங்கள் இருந்தன, எழுதியவற்றைவிடக் கறாரானவை. தேநீர் விருந்து, இல்லத்தைச் சுற்றிக் காட்டல், நேர்முகம் என்று தேர்வு மூன்று சுற்று. வாரிசுப் பெண் முதல் சுற்றில் வாயே திறக்காவிட்டாலும் அவளைக் கழிக்கக் கூடாது. மதிப்பெண் சமமாக வந்தால் வாரிசுக்கே இடம். அப்படியும் ஒரு வாரிசைக் கழித்தே தீர வேண்டுமென்றால், கடிதம் போவதற்கு முன்பே அவள் அம்மாவுக்குப் போன் செய்து ஆறுதல் சொல்ல வேண்டும். மகள் மற்றவர்களைப் போலக் கடிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் குடும்ப மானம் கப்பலேறிவிடுமாம்.

அந்த ஆறுதல் போனுக்கு வசனம் எழுதிக் கொடுத்ததும் அடியேன்தான். "வணக்கம். உங்கள் மகள் எல்லா வகையிலும் சிறந்தவர். இவ்வாண்டு போட்டி மிகக் கடுமையாக இருந்தமையால்..." என்று போகும். ஓர் அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தான் அன்பளிப்பாகக் கொடுத்த சீலிங் ஃபேனைக் கழற்றி வைக்கும்படியும் மாலையில் வந்து எடுத்துப்போவதாகவும் சொன்னார். வந்து எடுத்தும் போனார்.

நான் மட்டும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. என் அக்கா அங்கே இருந்தாள். அவள் காலி செய்த கட்டிலில்தான் நான் போய்ப் படுத்தேன். நேர்முகத்தில் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "அக்கா சௌக்கியமா?" என்பது. நான் சௌக்கியம் என்றேன், தேறிவிட்டேன்.

பல ஆண்டுகளாக எங்கள் விண்ணப்பப் பாரத்தில், "உங்கள் தாயார் அல்லது சகோதரி இவ்வில்லத்தின் முன்னாள் உறுப்பினரா?" என்று ஒரு கேள்வி இருந்தது. எவளோ ஒருத்தி அதைப் படம் பிடித்துச் சிரிப்புப் பொம்மைகளோடு இணையத்தில் போட்டுவிட்டாள். எங்கள் தலைவி பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இல்லத்தையும் பள்ளியாகவே நடத்துபவர். அவர் என்னைக் கூப்பிட்டு, "கேள்வியும் இருக்கணும், கேட்ட மாதிரியும் இருக்கக்கூடாது. நாசூக்கா மாத்துங்க" என்றார்.

மாற்றினேன். அந்த நீளமான கேள்வியைத் தூக்கிவிட்டு, அங்கே 'வாரிசு' என்று ஒரே ஒரு சொல்லைப் போட்டேன். எதிரே பெயர் எழுத ஒரு கோடு, தொலைபேசி எண்ணுக்கு ஒரு கோடு. நல்ல தமிழ், சின்னச் சொல், எவளும் படம் பிடித்துக் கேலி செய்ய முடியாது. அன்று முழுக்க என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

இந்த ஆண்டு முப்பத்தொரு பாரங்கள் வந்தன. முப்பத்தொன்றிலும் வாரிசுக் கட்டம் நிரம்பியிருந்தது.

குழுவில் நாங்கள் மூன்று பேர். தலைவி, நான், பல் மருத்துவராக இருக்கும் துணைத்தலைவி. தலைவி பாரங்களைச் சீட்டுக்கட்டைப் போல மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தார்.

"என்ன லா இது? முப்பத்தோரு வாரிசா? நம்ம இல்லத்துல இருந்தவங்க வேற வேலையே பாக்கலயா?"

துணைத்தலைவி ஒரு பாரத்தை எடுத்து மூக்குக்கு அருகே பிடித்தார். "இந்தப் பொண்ணு அவ அப்பா பேர எழுதியிருக்கா. ஆம்பளைங்கள நாம கேட்டுக்கு உள்ளயே விடமாட்டோம். இவரு எப்ப வந்து தங்குனாரு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த நாட்டில் பாலர் பள்ளியில் சேர்த்தாலும், ஆஸ்பத்திரியில் படுத்தாலும், வேலைக்குப் போனாலும் மலாய்ப் பாரத்தில் 'வாரிஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும். உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குச் சொல்லி அனுப்புவது என்று பொருள். ஒரே அரபுச் சொல் தமிழுக்கும் மலாய்க்கும் வாழ்க்கைப்பட்டு, தமிழ் வீட்டில் சொத்துக்குச் சொந்தக்காரியாகவும் மலாய் வீட்டில் விபத்துக்குப் பொறுப்பாளியாகவும் இருக்கிறது. பிள்ளைகள் சொல்லைப் பார்த்தவுடன் பழகிய கை தானாக எழுதிவிட்டது. அப்பா, சித்தி, அண்ணன், ஒருத்தி மட்டும் தாத்தா.

மானமுள்ளவர்கள் அந்த இடத்தில் கட்டத்தையே அடித்துவிட்டு மேலே போயிருப்பார்கள். நாங்கள் பழைய பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்து, முப்பத்தொரு பெயர்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தோம். இரண்டு பொருந்தின. ஒன்று என் பெயர். என் மகளும் விண்ணப்பித்திருந்தாள்.

இன்னொன்றைப் பார்த்ததும் தலைவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது ஒரு டத்தினின் பெயர். எப்போதோ எங்கள் இல்லத்தில் தங்கிப் படித்தவர், பிறகு டத்தோ பட்டம் வாங்கிய ஒருவரை மணந்து டத்தினாகிப் பெரிய இடத்துக்குப் போனவர். இல்லத்துக்கு ஃபிரிட்ஜும் வாட்டர் ஹீட்டரும் வாங்கிக் கொடுத்தவர். ஃபிரிட்ஜுக்கு மேலே அவர் படத்தை மாட்டி வைத்திருக்கிறோம். அவர் மட்டும் ஒரு தடவையும் வந்ததில்லை, அவருடைய எண்ணும் எங்களில் யாரிடமும் இல்லை. அவர் பெயரை எழுதியிருந்தவள் தொலைவிலுள்ள பந்திங் ஊரிலிருந்து விண்ணப்பித்த ஒரு பெண். ரப்பர்த் தோட்டக் காலத்தில் வரிசை வீட்டுக்கு இரண்டு பேருக்காவது இருந்திருக்கக்கூடிய பெயர் அது. எந்த ஆள் என்று தெரிய, வாரிசின் தந்தை பெயரையும் சேர்த்து எழுதக் கட்டத்தில் நான் இடம் விடவுமில்லை. ஆனால் நம்ப வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படாது. நானும்தான் நம்பினேன், வயிற்றெரிச்சலோடு நம்பினேன்.

தேநீர் விருந்துக்கு அந்தப் பெண் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றும் லோரியில் வந்து இறங்கினாள். ஓட்டி வந்தவர் யாரோ பக்கத்து வீட்டுக்காரராம். துணைத்தலைவி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "லோரி கம்பெனியே சொந்தமா இருக்கும் போல" என்றார். அவள் காலில் போட்டிருந்த சப்பாத்து முன்பக்கம் பிய்ந்து கோந்து போட்டு ஒட்டியிருந்தது. "வசதியானவங்க பிள்ளைங்க இப்ப இப்படித்தான் போடுதுங்க, அதுதான் ஃபேஷன்" என்று தலைவி எங்களுக்கு விளக்கினார். அவள் மூன்று கறிபாப் சாப்பிட்டாள். பந்தா இல்லாத பிள்ளை என்று குறித்துக்கொண்டார்கள். அதே மேசையில் வேறொரு பெண் மூன்று சாப்பிட்டதற்கு வீட்டு வளர்ப்பு சரியில்லை என்று குறித்தார்கள். குறிப்பேடு என்னிடம்தான் இருக்கிறது.

நேர்முகத்தில் என் மகள் நன்றாகப் பேசினாள். ஒரு தாய் சொல்கிறாள் என்று தள்ளிவிட வேண்டாம், மதிப்பெண்களைக் கூட்டியவளும் நான்தான். பன்னிரண்டு பெண்கள் ஒரே சமையலறையில் சண்டை போடாமல் எப்படி இருப்பது என்று கேட்டதற்கு, "சண்டை போட்டுட்டு எப்படிச் சேர்ந்து சாப்பிடுறதுன்னு கத்துக்கலாம்" என்றாள். தலைவியே சிரித்துவிட்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது, வெளியே காட்டிக்கொள்ளாமல் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

அடுத்துப் பந்திங் பெண் வந்தாள். உனக்கு ஏன் இந்த இல்லத்தில் இடம் வேண்டும் என்று தலைவி கேட்டார். பாரம்பரியம், தலைமைத்துவம், தமிழ்ப் பண்பாடு என்று எல்லோரும் மனப்பாடம் செய்துகொண்டு வரும் கேள்வி அது.

"பஸ்ஸு, ஆன்டி" என்றாள்.

"என்னம்மா?"

"பந்திங்கிலிருந்து டெய்லி பஸ்ஸுல வர்றேன், ஆன்டி. இங்க இருந்தா வரவேண்டியது இல்ல."

அவ்வளவுதான் பதில். அவள் வெளியே போனதும் தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டத்தின் வீட்டுப் பிள்ளைய பஸ்ல அனுப்பி வளர்க்கிறாங்க பாருங்க. என்ன ஒரு அடக்கம்!" என்றார். எனக்கு அந்த இடத்தில்தான் சந்தேகம் தட்டியது. பஸ் என்று சொன்னபோது அந்தப் பெண்ணின் முகத்தில் அடக்கம் இல்லை, தூக்கம்தான் இருந்தது. இவள் எந்த டத்தினுக்கும் உறவில்லை என்று எனக்குப் பட்டது. பட்டபோது சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்று கட்டில்களுக்குச் சிக்கலில்லாமல் ஆள் எடுத்தாயிற்று. நான்காவதற்கு என் மகளும் பந்திங் பெண்ணும் மிஞ்சினார்கள். மதிப்பெண்ணில் என் மகள் மேலே. ஆனால் இரண்டு பேரும் வாரிசு. ஒரு வாரிசும் இன்னொரு வாரிசும் மோதிக்கொண்டால் என்ன செய்வது என்று எங்கள் எழுதப்படாத சட்டத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. எந்த வாரிசு பெரிய வாரிசு என்பதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும். ஒரு பக்கம் பேனர் ஒட்டும் செயலாளர், இன்னொரு பக்கம் ஃபிரிட்ஜ்.

தாய் குழுவில் இருந்தால், மகளைப் பற்றிப் பேசும்போது எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்பதும் எங்கள் நேர்மைகளில் ஒன்று. வெளியே என்றால் சமையலறை. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, அதற்குக் காது கேட்காது என்பது ஐதீகம். நான் எழுந்தபோது தலைவி பாரத்தை என் கையில் கொடுத்தார். "சும்மா நிக்காம, அப்படியே டத்தினுக்கு ஒரு போன் போட்டுப் பேசிருங்க. பிள்ளைய நாம நல்லா கவனிக்கிறோம்னு அவங்களுக்குத் தெரியணும்."

போன் செய்வதில் எனக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை. அவள் டத்தினின் உறவு இல்லை என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், உள்ளே போய் அதைச் சொன்னால் போதும், கட்டில் என் மகளுக்கு. நாங்கள் இருப்பது கிள்ளானில். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வீடு, குளிர்சாதனத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் அவள் பிரிக்பீல்ட்ஸ் வந்துவிடுவாள். கட்டில் இல்லாவிட்டால் அவளுக்கு எதுவும் முழுகிவிடப் போவதில்லை. எங்கள் குடும்பத்தில் அக்கா, நான், மகள் என்று மூன்றாவது பெயர் அந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று ஆசை. ஆசை என்னுடையது, அதை அவளுக்கும் ஊட்டி வளர்த்திருந்தேன்.

தடுப்பிலிருந்து தள்ளிப் பின்கதவோரம் நின்று எண்ணை அழுத்தினேன். ஏதோ இயந்திர இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல் எடுத்தது. பெயரைச் சொல்லி, நீங்கள்தானா என்று கேட்டேன்.

"ஆமா, யாரு பேசுறது?"

"பிரிக்பீல்ட்ஸ்லேருந்து பேசுறேன். ஒரு பொண்ணு தன்னோட பாரத்துல உங்கள வாரிசுன்னு போட்டிருக்கு..."

"ஐயோ, ஆமா, நான்தான் வாரிஸ்! என்னாச்சி புள்ளைக்கி? பஸ்ஸா? அடிபட்டுருச்சா? எந்த ஆஸ்பத்திரி, அக்கா?"

அந்தக் கட்டத்தில் இருப்பவரை யாராவது கூப்பிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பது எனக்கு எப்படித் தோன்றாமல் போனது? ஒன்றும் இல்லை, பிள்ளை நன்றாக இருக்கிறது, ஹாஸ்டல் விஷயமாகத்தான் பேசுகிறேன் என்று நான்கைந்து தடவை சொன்ன பிறகுதான் அந்த அம்மா அழுகையை நிறுத்தினார்.

"மன்னிச்சிக்கோங்கக்கா. எனக்கு உசுரே போயிருச்சி."

நீங்கள் அவளுக்கு என்ன உறவு என்று கேட்டேன். பக்கத்து வீடு என்றார். அவள் அம்மா ஜொகூரில் தொழிற்சாலை வேலை, வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் பிள்ளை எல்லாப் பாரத்திலும் தன் பெயரைத்தான் போடும் என்றார். எப்போதாவது பிரிக்பீல்ட்ஸில் தங்கிப் படித்திருக்கிறீர்களா என்று நான் சம்பிரதாயத்துக்குக் கேட்டு வைத்தேன்.

"நானா? தீபாவளிக்கு மஸ்ஜித் இந்தியாவுக்குச் சேலை எடுக்க வர்றதோட சரி" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அக்கா, அவளுக்கு எடம் கெடச்சிருமா? காலையில நாலு மணிக்கு எந்திரிக்கிறா. போன மாசம் பஸ்ஸுல தூங்கிட்டு எங்கயோ போயி எறங்கி, பரீட்சைய விட்டுட்டா. இந்தத் தடவ எடம் கெடைக்கலன்னா படிப்ப விட்டுட்டு, நான் வேல பாக்குற ஃபேக்டரிக்கே எங்கூட வந்துர்றேன்னு சொல்லிக்கிட்டு இருக்கா. நானும் வேணாம் வேணாம்னு சொல்றேன். எத்தன நாளைக்குத்தான் சொல்றது?"

தடுப்புக்கு அந்தப் பக்கம் தலைவி தன் தலைமையாசிரியைக் குரலில் என் மகளின் மதிப்பெண்ணை வாசிப்பது தெளிவாகக் கேட்டது. அது நல்ல மதிப்பெண். அவள் உழைத்து வாங்கியது. எனக்குக் கோபம் வந்தது. அந்த அம்மாமீது, பந்திங் பஸ்மீது, பெரிய தமிழறிஞர் மாதிரி ஒரே சொல்லில் கேள்வி எழுதிய என்மீது. வேறு யாராவது போன் பண்ணியிருக்கக் கூடாதா என்று அழுகை வராத குறை. பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

உள்ளே போனதும் தலைவி ஆவலாகக் கேட்டார். "பேசுனீங்களா? என்ன சொன்னாங்க?"

"ரொம்ப நல்லா பேசுனாங்க. அந்தப் பிள்ளை மேல உசுரையே வெச்சிருக்காங்க. அழுதுட்டாங்க" என்றேன். இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

"அழுதாங்களா? டத்தினா?" என்று துணைத்தலைவி நெஞ்சில் கை வைத்தார். "அந்த நம்பரக் கொஞ்சம் குடுங்க, நானும் ஒரு வார்த்தை..."

"தயவு செய்து யாரும் கூப்பிட வேணாம்னு சொல்லிட்டாங்க. நன்றிக் கடிதமும் கூடாதாம். அவங்க பேரச் சொல்லி எடம் கெடச்சதா இருக்கக்கூடாதுன்னு நெனைக்கிறாங்க" என்றேன். இது முழுப் பொய். வாயில் நீர் வற்றாமல் வந்தது.

"பெரிய மனசு" என்றார் தலைவி. கட்டில் பந்திங்குக்குப் போனது.

ஆனால் கழிக்கப்பட்டது ஒரு வாரிசு அல்லவா, சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. தலைவி தன் போனை எடுத்தார். மேசைக்கு எதிரே மூன்றடி தூரத்தில் என் போன் அடித்தது. எடுத்தேன். அவர் என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, "வணக்கம். உங்கள் மகள் எல்லா வகையிலும் சிறந்தவர்" என்று நான் எழுதிய வசனத்தை ஒரு சொல் விடாமல் வாசித்தார். நான் போனைக் காதில் வைத்தபடி, பரவாயில்லைங்க, புரிந்துகொள்கிறேன் என்றேன். இரண்டு பேரும் போனை வைத்தோம். துணைத்தலைவி கறிபாப் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

கிள்ளானுக்கு ரயிலில் போகும்போது மகளிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். உண்மையைச் சொல்லலாம். ஆனால் அவள் தோழிகளில் பாதிப் பேர் அந்த இல்லத்தில் இருக்கிறார்கள். ஆத்திரத்தில் ஒரு வார்த்தை விழுந்தால் போதும், அந்தப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் பஸ்ஸில் ஏறவேண்டியதுதான்.

நான் கதவைத் திறந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கெடைக்கலயா?"

"இல்லம்மா."

"நான் என்னம்மா தப்பா சொன்னேன்?"

"ஒன்னும் தப்பா சொல்லல. எல்லாரையும் விட நீதான் நல்லா பேசுன."

"அப்புறம்?"

"ஒரு டத்தின் வீட்டு வாரிசு வந்துருச்சி" என்றேன். குழு எடுத்த முடிவு அதுதானே, பதிவிலும் அப்படித்தான் இருக்கிறது.

யார் என்று கேட்டாள். பந்திங் பெண் என்றேன். சண்டை போடுவாள் என்று நினைத்தேன், போடவில்லை.

"தேத்தண்ணி விருந்துல எம்பக்கத்துலதான் ஒக்காந்திருந்தாம்மா. நாலு மணிக்கு எந்திரிச்சி பஸ்ல வர்றேன்னு சொன்னா. பரீட்சைய விட்டுட்டேன்னு அழுதா. நான் நம்பிட்டேன். ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் கெடைக்கும்னா அவளுக்கே கெடைக்கட்டும்னு அன்னிக்கி சாமி கும்பிட்டேன், தெரியுமா? எங்கிட்ட எப்படி நடிச்சிருக்கா பாத்தியா?"

நான் சட்டியைத் திறந்து அவள் தட்டில் சோற்றைப் போட்டேன்.

"பொய்க்காரி" என்றாள்.

குழம்பை ஊற்றினேன். "சாப்பிடு" என்றேன்.